ஒன்றரைக் கிலோ உப்பு

மெய்யெழுத்து – 17

அத்தையின் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரலை வைத்தால் உள்ளே ஏதோ உறுமுவது தெரியும். மடியில் படுத்த பூனையைத் தடவும்போது கைக்கு வருமே, அப்படி ஓர் அதிர்வு. காதை ஒட்டிவைத்தால் காற்றுக் காலத்தில் பனையோலை இரைகிற சத்தம். டயாலிசிஸுக்காகத் தமனியைச் சிரையோடு சேர்த்துத் தைத்த இடம் அது. ஃபிஸ்டுலா என்று பெயர். தமனியின் வேகத்தோடு ரத்தம் சிரைக்குள் பாய்வதால்தான் இந்த உறுமல். நாளடைவில் சிரை தடித்து, பெரிய ஊசியைத் தாங்குகிற பதத்துக்கு வந்துவிடும். 1966-ல் நியூயார்க் மருத்துவர்கள் பிரெசியாவும் சிமினோவும் சேர்ந்து எழுதி வெளியிட்ட வழி இது. இன்றைக்கும் டயாலிசிஸ் வார்டுகளில் முதலில் கேட்பது இந்த ஃபிஸ்டுலாவைத்தான்.

“மெஷின் ஓடுதா பாரு மருமவனே” என்று அத்தை கையை நீட்டுவார்.

“ஓடுது அத்தை” என்பேன்.

காலையில் கண் விழித்ததும் அவர் செய்கிற முதல் வேலை அந்த அதிர்வைத் தொட்டுப் பார்ப்பது. அது இல்லையென்றால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அத்தை தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் 22 ஆண்டுகள் உப்பு வாரியவர். முதன்முதலாக ரத்தம் சோதித்த அன்று அவர் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “உடம்புல உப்பு ஏறிட்டாம்யா. வாழ்நாளெல்லாம் உப்புலயே நின்னேன்லா, அதான் ஏறிட்டு போல.”

ஆஸ்பத்திரி வராந்தாக்களில் ‘உப்பு’ என்று பேசிக்கொள்வது சாப்பாட்டு உப்பை அல்ல. யூரியாவையும் கிரியாட்டினினையும்தான் நம் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். புரதம் சிதைந்து மிஞ்சுவது யூரியா. தசைகள் அன்றாடம் கழித்துவிடுவது கிரியாட்டினின். இரண்டும் வெளியேறியே ஆக வேண்டியவை. கிரியாட்டினின் பொதுவாக 1.2-க்குள் இருக்க வேண்டும். அத்தைக்கு அன்று 6.8. அளத்து உப்பு பாதத்தின் வழியாக உடம்புக்குள் ஏறிவிடாது என்று அவருக்கு விளக்கினேன். ஆனால் இந்த அத்தியாயத்துக்காகச் சிறுநீரகத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, அத்தை வாயில் வந்த சொல் இடம் மாறி விழுந்த உண்மை என்று தோன்றியது. சிறுநீரகத்தின் ஆகப் பெரிய வேலை நிஜமான உப்பின் கணக்கைப் பார்ப்பதுதான். கழிவை நீக்குவது அந்தக் கணக்கின் ஓரத்தில் நடக்கிற காரியம்.

*

சென்ற வாரம் கல்லீரல் பார்த்தோம். சிறுநீரகத்தைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகலாம். அங்கே அதற்குக் குண்டிக்காய் என்று பெயர். ஆட்டின் முதுகெலும்பை ஒட்டி வெள்ளைக் கொழுப்புக்குள் பொதிந்து கிடக்கும். கொழுப்பைப் பிய்த்து எடுத்தால் வழவழப்பான கருஞ்சிவப்பு உறுப்பு ஒன்று உள்ளங்கையில் உட்காரும். மேலே மெல்லிய சவ்வு. நகத்தால் கிள்ளி இழுத்தால் உரிந்து வரும். நெடுக்காக வகிர்ந்தால் இரண்டு நிறம் தெரியும். வெளியோரம் அடர்ந்த சிவப்பாக இருப்பது புறணி. உள்ளே வெளிறிப்போய், கோடு கோடாக நார் ஓடியதுபோல இருப்பது அகணி. நடுவில் சிறுநீர் வந்து சேர்கிற வெள்ளைக் குழி. நமக்கும் இதே அமைப்புத்தான். அகணி மட்டும் பல கூம்புகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றும் 10 முதல் 12 செ.மீ. நீளம், சுமார் 150 கிராம் எடை. வலப்பக்கம் கல்லீரல் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வலது சிறுநீரகம் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்.

இரண்டும் சேர்ந்து உடல் எடையில் இருநூற்றில் ஒரு பங்கு. ஆனால் இதயம் தள்ளிவிடும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இங்கேதான் வருகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். எடைக்கு எடை பார்த்தால் மூளைக்கே இவ்வளவு கிடைப்பதில்லை. தன் பசிக்காகச் சிறுநீரகம் இந்த ரத்தத்தை வாங்கவில்லை. சோதித்துத் திருப்பி அனுப்புவதற்காக வாங்குகிறது.

புறணியில் சிவப்புப் புள்ளிகள்போல நுண்ணிய உருண்டைகள் இருப்பதை 1666-ல் இத்தாலியின் மால்பிஜி எழுதிவைத்தார். அந்த உருண்டை என்ன, அது எதோடு சேர்கிறது என்பதை 1842-ல் லண்டனின் வில்லியம் போமன் துலக்கினார். அப்போது அவருக்கு வயது 25. உருண்டை என்பது ரத்தத் தந்துகிகள் சுருண்ட ஒரு முடிச்சு: குளோமெருலஸ். அதைச் சுற்றி ஒரு கிண்ணம். கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு நுண்குழல் புறப்பட்டு வளைந்து நெளிந்து ஓடுகிறது. முடிச்சும் கிண்ணமும் குழலும் சேர்ந்தது ஒரு நெஃப்ரான். முடிச்சின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு சிறுநீரகத்தில் இப்படிச் சுமார் 10 லட்சம். தாயின் வயிற்றில் 36-வது வாரத்தோடு புதிய நெஃப்ரான்கள் உருவாவது நின்றுவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க இழப்பு உண்டு, சேர்மானம் கிடையாது.

வடிகட்டுதல் இந்த முடிச்சில் நடக்கிறது. உள்ளே வரும் ரத்தக் குழாயும் வெளியே போகும் குழாயும் தம் அகலத்தைக் கூட்டிக் குறைத்து நடுவில் இருக்கும் முடிச்சில் அழுத்தத்தை நிறுத்திவைக்கின்றன. அழுத்தம் தாங்காமல் தண்ணீரும், அதில் கரைந்திருக்கும் சிறிய பொருள்கள் அத்தனையும் கிண்ணத்துக்குள் பிதுங்குகின்றன. சிவப்பணுக்களும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களும் தாண்டாதபடி மூன்று அடுக்குத் தடுப்பு உண்டு. அந்தத் தடுப்பு பழுதானால் முதலில் கசிவது ஆல்புமின். முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தைப்போல இதுவும் சூட்டில் திரையும். லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் 1827-ல் அதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். உடம்பு வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். முட்டை வெந்ததுபோல அது வெள்ளையாகத் திரைந்தது. இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்தபோது சிறுநீரகங்கள் சிதைந்திருந்தன. ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவத்தியும் போதுமானதாக இருந்தன.

*

இப்போது அளவுக்கு வருவோம். 20 லட்சம் முடிச்சுகளும் சேர்ந்து நிமிடத்துக்கு 125 மில்லி நீரை வடிக்கின்றன. ஒரு நாளைக்கு 180 லிட்டர். பதினைந்து பெரிய குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மொத்தமே மூன்று லிட்டர்தான். வடிந்தது வடிந்தபடி வெளியேறினால் அரை மணி நேரத்துக்குள் ரத்தம் வற்றிப்போகும். ஆனால் நாம் கழிக்கிற சிறுநீர் ஒன்றரை லிட்டர். மீதி 178 லிட்டருக்கு மேல் எங்கே போனது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க எண்பது ஆண்டுகள் பிடித்தன. முடிச்சில் வடிவது வெறும் இயற்பியல் விதிப்படி நடக்கிற காரியம், குழலில் நீர் திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று 1840-களில் ஜெர்மனியின் கார்ல் லுட்விக் சொன்னார். இவ்வளவு லிட்டரை வடித்துவிட்டுத் திரும்ப வாங்குவதா, அப்படியொரு வீண்வேலையை உடம்பு செய்யுமா என்று இன்னோர் உடலியல் அறிஞரான ஹைடன்ஹைன் மறுத்தார். சிறுநீரை உமிழ்நீர்போலச் செல்கள் சுரக்கின்றன என்பது அவர் கட்சி. உலகத்து உடலியல் அறிஞர்கள் இரண்டு அணியாக நின்றார்கள்.

தீர்ப்பு ஒரு தவளையிடமிருந்து வந்தது. 1920-களின் தொடக்கத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் நியூட்டன் ரிச்சர்ட்ஸும் ஜோசப் வேர்னும் உயிருள்ள தவளையின் சிறுநீரகத்தை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார்கள். முடியைவிட மெல்லியதாகக் கண்ணாடிக் குழலை இழுத்து, அதன் முனையை ஒரே ஒரு நெஃப்ரானின் கிண்ணத்துக்குள் குத்தினார்கள். கிண்ணத்திலிருந்து வந்தது ஒரு துளிக்கும் குறைவான நீர். அதில் சர்க்கரை இருந்தது, உப்பின் குளோரைடும் இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த நீரில் அவை இல்லை. கிண்ணத்தில் இருந்தது பையில் இல்லையென்றால் வழியில் யாரோ எடுத்திருக்கிறார்கள். 1924-ல் அவர்கள் முடிவை வெளியிட்டதும் பழைய வழக்கு தீர்ந்தது. லுட்விக் சொன்னதன் அடிப்படை சரி.

இந்த இடத்தைத்தான் நான் வாசகர்களிடம் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பள்ளிக்கூடத்தில் சிறுநீரகத்தை ‘வடிகட்டி’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். காபி வடிகட்டியில் வேண்டாதது மேலே நிற்கும், வேண்டியது கீழே இறங்கும். சிறுநீரகம் அப்படி வேலை செய்வதில்லை. ரத்த அணுக்களையும் புரதத்தையும் தவிர்த்து நல்லது, கெட்டது, தெரிந்தது, தெரியாதது என்று எல்லாவற்றையும் முதலில் வெளியே கொட்டுகிறது. பிறகு தனக்கு அடையாளம் தெரிந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வீட்டுக்குள் எடுத்துக்கொள்கிறது. அடையாளம் தெரியாதவை பெரும்பாலும் தெருவிலேயே கிடந்து வெளியேறுகின்றன. நம் உடம்பு இதுவரை கண்டிராத ஒரு விஷம் நாளைக்கு உள்ளே வந்தால், அதற்கென்று தனியாக ஓர் ஏற்பாடு இல்லாமலே அதை வெளியேற்ற முடிவது இந்த முறையால்தான். ஹைடன்ஹைனுக்கு வீண்வேலையாகத் தெரிந்தது உயிரைக் காக்கிற உபாயம்.

உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் சுமார் 8 கிராம் உப்புக்கு ஈடான சோடியம் உண்டு. 180 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நாள் தவறாமல் ஒன்றரைக் கிலோ உப்பு நம் ரத்தத்திலிருந்து குழலுக்குள் விழுகிறது. மளிகைக் கடையில் வாங்குகிற ஒரு பாக்கெட்டும் இன்னொரு அரைப் பாக்கெட்டும். அதிலே நாம் அன்று சாப்பிட்ட உப்பின் அளவுக்கு, அதாவது ஓரிரு தேக்கரண்டி மட்டும் வெளியே விடப்படுகிறது. மீதி அத்தனையும் திரும்புகிறது. ஒரு நாள் இரண்டு கிராம் கூடச் சாப்பிட்டால், அடுத்த சில நாள்களில் அந்த இரண்டு கிராம் சரியாக வெளியேறிவிடும். ஒன்றரைக் கிலோ புரளும் கல்லாவில் இரண்டு கிராம் கணக்குப் பிசகாமல் பார்க்கிற கணக்கப்பிள்ளை யாரையும் நான் கண்டதில்லை.

இந்தத் திருப்பி எடுக்கும் வேலைக்குத்தான் கூலி. குழல் சுவரின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் நுண்ணிய பம்புகள் உள்ளன. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957-ல் நண்டு நரம்பில் இதைக் கண்டறிந்தார். 1997-ல் நோபல் பரிசு பெற்றார். சிறுநீரகம் சாப்பிடுகிற ஆக்சிஜனில் பெரும்பங்கை இந்தப் பம்புகள்தான் சாப்பிடுகின்றன. சோடியம் போகும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகின்றன. தண்ணீரும் பின்தொடர்கிறது. வடிந்ததில் மூன்றில் இரண்டு பங்கு குழலின் முதல் வளைவிலேயே வீடு திரும்பிவிடும். சர்க்கரை நாளைக்கு 180 கிராம் வடிகிறது. நலமாக இருப்பவருக்கு ஒரு கிராம்கூட வீணாவதில்லை. ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டும்போதுதான் தூக்குகிற கைகள் போதாமல் மிச்சம் சிறுநீரில் வழிகிறது. எறும்பு மொய்த்ததை வைத்து நம் பாட்டிமார்கள் சர்க்கரை நோயை அறிந்தது இதனால்தான்.

*

அத்தைக்கு ஹென்லே வளைவை விளக்குவது எளிதாக இருந்தது. அவர் உப்பளக்காரர். முதல் வளைவைத் தாண்டியதும் குழல் புறணியிலிருந்து அகணிக்குள் நேராக இறங்கி, கொண்டையூசிபோலத் திரும்பி மேலே ஏறுகிறது. 1862-ல் இதை விவரித்தவர் ஹென்லே. இறங்கும் பக்கம் தண்ணீரை விடும். ஏறும் பக்கம் தண்ணீரை விடாது, உப்பை மட்டும் வெளியே இறைக்கும். ஒன்றுக்கொன்று எதிராக ஓடும் இந்த இரண்டு ஓட்டங்களால் அகணியின் ஆழத்தில் உப்பு மேலும் மேலும் சேர்கிறது. யூரியாவும் அங்கே வந்து சேர்ந்துகொள்கிறது. ரத்தத்தின் செறிவைப்போல நான்கு மடங்கு வரைக்கும் போகும்.

“அப்போ பாத்திக்குப் பாத்தி தண்ணி மாத்தி விடுதோமே, அந்த மாதிரிதான்” என்றார் அத்தை. அப்படியேதான். அளத்தில் முதல் பாத்தியில் தேங்கிய நீர் அடுத்த பாத்திக்குப் போகும்போது இன்னும் கரிக்கும், அதற்கடுத்ததில் இன்னும். கடைசியில்தான் உப்பு இறங்கும். அங்கே வெயில் செய்கிற வேலையை இங்கே பம்புகள் செய்கின்றன. நம் விலாவுக்குப் பின்னால் ஈரமான ஓர் உப்பளம் இருக்கிறது.

எதற்காக? கடைசிக் குழல் இந்த உப்பளத்தின் ஊடாகத்தான் இறங்கி வெளியேற வேண்டும். அதன் சுவரில் தண்ணீர்க் கதவுகள் திறந்திருந்தால் சுற்றியுள்ள உப்பு நீரை இழுத்துக்கொள்ளும். சிறுநீர் கெட்டியாக, மஞ்சளாக, கொஞ்சமாக வரும். மூடியிருந்தால் நீர் வெளிறி நிறைய வரும். கதவைத் திறக்கச் சொல்வது மூளையிலிருந்து வரும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன். ரத்தத்தின் செறிவு நூற்றில் ஒரு பங்கு கூடினாலே மூளை அறிந்து அதை அனுப்புகிறது. அந்தக் கதவுகளுக்கு அக்வாபோரின் என்று பெயர். இந்தப் புரதக் குடும்பத்தைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. எவ்வளவு கெட்டியாக்கினாலும் அன்றாடக் கழிவைக் கரைத்து அனுப்ப நாளைக்கு அரை லிட்டர் சிறுநீர் வேண்டும். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அந்த அளவு உப்பு கரைந்த சிறுநீரை மனிதச் சிறுநீரகத்தால் உண்டாக்க முடியாது. ஆகவே ஒரு டம்ளர் கடல் நீரைக் குடித்தால் அதன் உப்பை வெளியேற்ற ஒரு டம்ளருக்கு மேல் நல்ல நீர் செலவாகும். படகு பழுதாகிக் கடலில் தவிக்கும் மீனவர்கள் நாக்கு வறண்டாலும் கடல் நீரைத் தொடாதது இந்த அறிவால்தான்.

உப்பளத்தில் வேலை பார்த்த ஆண்டுகளில் அத்தை மதியம் வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டார். குடத்தில் தண்ணீர் இருக்கும். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளி. ஒரு புதர் கிடையாது. கழிப்பறை கிடையாது. “ஆம்பளையளுக்கு என்ன, திரும்பி நின்னுக்கிடுவானுவ” என்பார். உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலில் வேர்வை ஊற்ற, தண்ணீர் குடிக்காமல் மணிக்கணக்கில் நின்றவர்களின் சிறுநீரகம் ஒவ்வொரு நாளும் தன் கடைசி எல்லையில் வேலை செய்தது. எல் சால்வடார், நிகராகுவா கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளம் தொழிலாளர்களின் சிறுநீரகம் கெடுவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை நெல் விவசாயிகளிடமும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. தண்ணீரில் உள்ள தாதுக்கள், பூச்சிமருந்து என்று பலவற்றைச் சந்தேகிக்கிறார்கள். வெயிலும் வறட்சியும் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் நிற்கின்றன.

அத்தைக்கு இன்னொன்றும் சேர்ந்தது. குனிந்து குனிந்து வந்த முட்டு வலிக்கு ஊரில் இருந்த மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவார். சீட்டுக் கிடையாது, கேள்வி கிடையாது. வருடக் கணக்கில் நடந்தது. உடம்பில் நீர் குறையும்போது, முடிச்சுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் சுருங்கிவிடாமல் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் அதைத் திறந்து வைத்திருக்கும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் அந்தப் பொருளையே தடுத்துவிடுகின்றன. வறண்ட உடம்பில் அந்த மாத்திரையும் விழுந்தால் சிறுநீரகத்துக்கு வருகிற ரத்தம் இரண்டு பக்கமும் மறிக்கப்படும். அதற்கு மேல் 12 ஆண்டுச் சர்க்கரை. இவற்றில் எது எவ்வளவு கெடுத்தது என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

*

சிறுநீரகத்தின் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழல் தன் பயணத்தின் பாதியில் திரும்பி வந்து தன் சொந்த முடிச்சையே தொட்டுப் போகிறது. அங்கே சில செல்கள் வருகிற நீரில் உப்பு எவ்வளவு என்று ருசி பார்த்து, குறைந்தால் ரெனின் என்ற பொருளை விடுவிக்கச் செய்கின்றன. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். 1898-ல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட் கண்டது இது. ரத்தத்தில் அமிலம் சேர்ந்தால் வெளியேற்றிக் காரத்தைப் புதுப்பிப்பதும், எலும்பு மஜ்ஜைக்கு ‘சிவப்பணு உண்டாக்கு’ என்று எரித்ரோபாய்ட்டின் அனுப்புவதும், வெயிலில் கிடைத்த வைட்டமின் டி-யைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் இங்கேதான். டயாலிசிஸ் நோயாளிகள் சோகை பிடித்து வெளிறியிருப்பதும், அவர்கள் எலும்பு பலவீனப்படுவதும் இவை நின்றுபோவதால்.

பொட்டாசியத்தை மட்டும் தனியே சொல்ல வேண்டும். உடம்பின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் 3.5 முதல் 5 வரைதான் இருக்கலாம். 7-ஐத் தொட்டால் இதயம் எந்த நேரமும் நிற்கலாம். நலமான சிறுநீரகம் உபரியைச் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும். அது கெட்டவருக்கு ஒரு டம்ளர் இளநீரில் இருக்கும் சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியமே ஆபத்து. வெயிலுக்கு இளநீர் குடித்து வளர்ந்த அத்தை, தெரு முனையில் இளநீர் வண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உருளைக்கிழங்கை நறுக்கி மணிக்கணக்கில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, இன்னொரு நீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டுத்தான் அவருக்குப் பொரியல். குடிநீர் நாளைக்கு அளந்து வைத்த ஒரு செம்பு. சாம்பார், மோர், மாத்திரைக்கு விழுங்கும் வாய் நீர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். மதியம் மூன்று மணிக்குச் செம்பைச் சாய்த்துப் பார்த்து, இருக்கிறதை இரவு வரைக்கும் பங்கு போடுவார். தண்ணீர் இருந்தும் குடிக்காமல் அவர் நின்றது இது இரண்டாவது முறை.

நடைமுறையில் உயிரைக் காத்த செயற்கைச் சிறுநீரகத்தை முதலில் உருவாக்கியவர் நெதர்லாந்தின் வில்லெம் கோல்ஃப். 1938-ல் 22 வயது விவசாயி மகன் ஒருவன் சிறுநீரகம் கெட்டு அவர் கண் முன்னே இறந்தான். நாளைக்கு 20 கிராம் யூரியாவை எப்படியாவது வெளியேற்றியிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று கோல்ஃப் கணக்குப் போட்டார். நாஜிப் படை நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், 1943-ல், காம்பென் என்ற சிற்றூர் மருத்துவமனையில், இறைச்சி அடைக்கும் செலோஃபேன் உறையை மரச்சட்ட உருளையில் சுற்றி உப்பு நீரில் சுழலவிட்டார். ரத்தம் உறைக்குள்ளே ஓட, யூரியா உறையைத் தாண்டி நீருக்குள் இறங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளில் அவர் சிகிச்சை தந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் இறந்தார்கள். அவர் விடவில்லை. 1945 செப்டம்பரில் நினைவிழந்து கிடந்த 67 வயதுப் பெண் ஒருவர் கண் திறந்தார். இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் உயிரோடிருப்பது அந்த மர உருளையின் வழியில்.

ஆனால் அந்த இயந்திரத்தால் அடையாளம் பார்த்துத் திருப்பி எடுக்க முடியாது. ஒரு முறைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் ஓடுகிறது. அந்த நீரில் எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை மனிதர்கள் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம். 168 மணி நேரத்தில் 12 மணி நேரம். மீதி 156 மணி நேரத்துக்கு அத்தையின் உப்பையும் நீரையும் யாரும் பார்ப்பதில்லை, அந்தச் செம்பைத் தவிர.

இவ்வளவு செய்கிற உறுப்பு வலித்துக் காட்டுவதே அரிது. கல் அடைத்தால் வலிக்கும், கிருமி தொற்றினால் வலிக்கும். நெஃப்ரான்கள் ஆயிரம் ஆயிரமாக அழியும்போது வலிக்காது. எஞ்சிய நெஃப்ரான்கள் கூடுதல் சுமையைத் தூக்கிக்கொள்ளும். பாதி வேலைத்திறன் போன பிறகும் கிரியாட்டினின் சரியான அளவின் விளிம்பிலேயே நிற்கக்கூடும். அத்தைக்குக் கால் வீங்கியபோது வயசான வீக்கம் என்று விட்டுவிட்டோம். முகம் வீங்கியபோது தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகவே சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்களும், குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தவர்களும், வெயிலில் உழைக்கிறவர்களும், வலி மாத்திரை வழக்கமானவர்களும் வருடம் ஒரு முறை இரண்டு சோதனை செய்துகொள்ளுங்கள். ஒன்று, ரத்தத்தில் கிரியாட்டினின்; அந்த எண்ணோடு நிற்காமல் வயதையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். அளவையும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, சிறுநீரில் ஆல்புமின். பிரைட் கரண்டியில் கண்டதை இன்று சிறிய அளவிலேயே கண்டுவிடலாம். கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது காட்டிக்கொடுக்கும். அந்தக் கட்டத்தில் தெரிந்தால் மருந்து கொடுத்துப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும். உப்பளம், செங்கல் சூளை, கட்டட வேலை நடத்துகிறவர்கள் யாரேனும் இதைப் படித்தால், ஆட்களுக்கு நிழலும் குடிநீரும் வையுங்கள். பெண்களுக்குக் கதவு வைத்த கழிப்பறை கட்டிக்கொடுங்கள். அதுவும் சிறுநீரக மருத்துவம்தான்.

(தொடரும்)